பேர் வெட்டின வெப்சைட்

"யோவ், என்னைத் தூக்கி வெளிய விடுங்கய்யா!" என்று பிரியாணி அண்டாவுக்குள்ளிருந்து சங்கிலி கத்தினார்.

"கத்தாதீங்கண்ணே. நீங்க கஸ்டமர். உங்களைப் பாத்துதான் எழுத ஆரம்பிச்சிருக்கோம்" என்றார் பொன்னுரங்கம். கையில் பேனா இருந்தது. மடியில் பேப்பர் இருந்தது. பேப்பரில் ஒன்றும் இல்லை.

சங்கிலி பஞ்சர் கடைக்காரர். மகளுக்குக் காதுகுத்து, சாப்பாட்டுத் தட்டும் சாம்பார் வாளியும் வாடகைக்கு வேண்டும் என்று கேட்டு வந்தவர். கேட்டு முடிப்பதற்குள் மூன்று பேர் சேர்ந்து அவரை ஸ்டூலில் ஏற்றி அண்டாவுக்குள் இறக்கிவிட்டார்கள். கழுத்துக்கு மேலேதான் வெளியே தெரிந்தது. ஆள் கொஞ்சம் அகலம். இறங்கும்போது இருந்த வழி ஏறும்போது இல்லை.

இதற்கெல்லாம் காரணம் பெனிட்டா. ஆனால் பெனிட்டா மேல் தப்பில்லை, அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். டவுனில் வெப்சைட் செய்து கொடுக்கிற பெண் அவர். காலையில் போனில், "கண்ணு முன்னாடி ஒரு கஸ்டமரை உக்கார வெச்சு, அவருக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க சார். மேட்டர் தானா வந்துரும்" என்று சொல்லியிருந்தார். கடையில் இருந்த நாற்காலி அத்தனையும் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தது. அண்டா மட்டும் சும்மா இருந்தது. உட்கார வைக்கச் சொன்னால் உட்கார வைக்க வேண்டும். எதில் என்று பெனிட்டா சொல்லவில்லை.

"தானா வரும்னாங்களே, வந்துச்சா?" என்று கேட்டார் மஸ்தான்.

பொன்னுரங்கம் பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இன்னும் வரல பாய்."

"எப்படி வரும்? வாசக்கதவு சாத்தியிருக்கு." மஸ்தான் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கருவேலம்பட்டி மெயின் ரோட்டில் இருந்த பொ.கு.ம. பாத்திர வாடகை நிலையம் இந்த மூன்று பேருடையது. பொன்னுரங்கம், குழந்தைவேலு, மஸ்தான். பொன்னுரங்கம்தான் தலைவர். ஏனென்றால் போன் அவரிடம் இருந்தது. குழந்தைவேலு அவருடைய தங்கச்சி புருஷன். அவருக்கு வேலை, பாத்திரத்தில் பேர் வெட்டுவது. கடையை விட்டு வெளியே போகிற எதுவாக இருந்தாலும் பொ.கு.ம. என்று வெட்டியாக வேண்டும். கரண்டியில் வெட்டுவார், தட்டில் வெட்டுவார், சாமியானா கட்டுகிற கம்பியில் வெட்டுவார். ஒரு தடவை, வாடகைக்குக் கொடுத்த ஐஸ் பாரிலும் வெட்டினார். அது திரும்பி வராததால் இன்றுவரை அந்தக் கல்யாண வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை.

மஸ்தான் பாய்க்கு வேலை, திரும்பி வந்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் "இருக்கு" என்பார். அடைப்பது அவர் வேலை இல்லை.

மூன்று பேரும் நல்லவர்கள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மற்ற விஷயங்களில்தான் சந்தேகம்.

இப்போது அவர்கள் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. ஊரில் உள்ள கல்யாண மண்டபங்களையெல்லாம் எதிர்க்கடை சீமைச்சாமி வளைத்துப் போட்டுவிட்டார். மிச்சம் இருந்தது தனபாக்கியம் மஹால் ஒன்றுதான். அதன் முதலாளியம்மா தனபாக்கியம் ஒருநாள் இரண்டு கடைக்காரர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்:

"ரெண்டு பேரும் வெப்சைட் வைங்க. வெள்ளிக்கிழமை காலையில ரெண்டையும் போன்ல பாப்பேன். எவன் உருப்படியா இருக்கானோ அவனுக்குத்தான் தை, மாசி முகூர்த்தம் பூரா."

சீமைச்சாமி வெப்சைட் வைத்துவிட்டார். இன்று வியாழக்கிழமை.

மஹால் கை நழுவினால் கடையை மூட வேண்டியதுதான். மூடினால் பொன்னுரங்கம் மச்சினனுடைய செங்கல் சூளைக்கு வேலைக்குப் போக வேண்டும். மச்சினன் வயசில் சின்னவன், வாயில் பெரியவன். விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் "என்ன மாமா, பாத்திரம் கழுவியாச்சா?" என்று கேட்கிறவன். சூளைக்குப் போனால் அவனைப் பார்த்துப் பொன்னுரங்கம் எழுந்து நிற்க வேண்டும்.

அதனால்தான் அவர் பேனாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

எழுதுவதா, எழுத வைப்பதா என்ற பஞ்சாயத்து காலையிலேயே முடிந்துவிட்டது. பெனிட்டா கேட்டது நேரான கேள்வி. "மேட்டரை நீங்களே எழுதித் தர்றீங்களா, இல்ல என்கிட்ட எழுதுற ஆள் இருக்காங்க, அவங்களை வெச்சு முடிச்சிரலாமா?" மாதிரிக்கு ஒன்று அனுப்பியும் வைத்தார். அந்த ஆள் இப்படி எழுதியிருந்தார்: "உங்கள் கனவுத் திருமணத்தை நனவாக்கும் கரங்கள்! எங்கள் ஒவ்வொரு பாத்திரத்திலும் அன்பு நிரம்பி வழிகிறது!"

பொன்னுரங்கம் சத்தமாகப் படித்ததும் மஸ்தான் துள்ளி எழுந்தார்.

"வழியுதா? எந்தப் பாத்திரம்? நேத்துதான எல்லாத்தையும் துடைச்சுக் கவுத்து வெச்சேன்?"

மூவரும் டார்ச் லைட்டோடு குடோனுக்குள் போனார்கள். ஒவ்வொரு பாத்திரமாகத் தூக்கிப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் வழியவில்லை. ஒரு குண்டானுக்கு அடியில் பல்லி இருந்தது. அதுவும் போய்விட்டது.

"பொய் மச்சான்" என்றார் குழந்தைவேலு. "சுத்தப் பொய். காலிப் பாத்திரம்தான் நம்ம சரக்கு. உள்ள எதையாச்சும் ரொப்பிக் குடுத்தா, கழுவித் தான்னு சண்டைக்கு வருவாங்க."

"கரங்கள்னு வேற போட்டிருக்கு மாப்ளே. கை நாம வாடகைக்கு விடுறதில்லையே? பரிமாறக் கை வேணும்னு எவனாச்சும் வந்து நின்னா?"

"பாய் கையைக் குடுக்கலாம்."

"என் கையா? அப்ப ஓட்டையை எதை வெச்சுப் பாக்குறது?" என்றார் மஸ்தான். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அந்த ஆளு நம்ம குடோனுக்கு வந்தாரா? ஒரு கரண்டியைத் தொட்டுப் பாத்தாரா? தண்ணி ஊத்திப் பாக்காம எப்படி எழுதலாம்?"

ஆகவே, தாங்களே எழுதுவது என்று தீர்மானமானது. அவர்கள் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளிலேயே சரியான முடிவு இது ஒன்றுதான். எப்படி எடுத்தார்கள் என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இனி அண்டாவுக்கு வருவோம். சங்கிலி இன்னும் அதற்குள்தான் இருக்கிறார்.

"பேசுற மாதிரியே எழுதணும்னு சொன்னாங்க" என்றார் பொன்னுரங்கம். "நாம கஸ்டமர்கிட்ட முதல்ல என்ன பேசுவோம்?"

"போன் வந்தா அலோன்னு சொல்வோம்" என்றார் குழந்தைவேலு.

பொன்னுரங்கம் 'அலோ' என்று எழுதினார். மூவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்து ரசித்தார்கள். நன்றாக இருந்தது.

"அடுத்து?"

"யாரு பேசுறது?" என்றார் குழந்தைவேலு.

"நான்தான்யா பேசுறேன், அண்டாவுல இருந்து!" என்றார் சங்கிலி.

பொன்னுரங்கம் பேனாவை வைத்தபடி நிமிர்ந்தார். "இதை எழுதலாமா?"

"கூடாது மச்சான். அது அவர் சொன்னது, அவர் பொருள். மத்தவங்க பொருள் நம்ம கடைக்குள்ள கலந்துச்சுன்னா பேரு கெட்டுரும்."

"அண்ணே, நீங்க பேசாதீங்க. கலந்துரும்" என்று சங்கிலியிடம் பணிவாகச் சொன்னார் மஸ்தான்.

அதற்குப் பிறகு எழுத்து வேகம் பிடித்தது. பொன்னுரங்கம் "அண்டா இருக்கு" என்று எழுதினார். ஓட்டையையும் சொல்ல வேண்டும் என்று மஸ்தான் பிடிவாதம் பிடித்தார். "சின்ன அண்டாவுல ஓட்டை இருக்கு, ரசத்துக்கு ஆகாது, சாதத்துக்கு ஆகும்" என்று சேர்ந்தது. "ஜமுக்காளம் இருக்கு, ஓரத்தை எலி கடிச்சிருக்கு" என்று எழுதியதும் மஸ்தான் மறுபடியும் கையைத் தூக்கினார்.

"எலி எங்கன்னு கேப்பாங்களே?"

"எலியும் இருக்கு" என்று எழுதினார் பொன்னுரங்கம்.

"அதையும் வாடகைக்குக் கேட்டா?"

மூவரும் கூடிப் பேசினார்கள். கடைசியில் "எலி வாடகைக்கு இல்லை" என்று எழுதி அந்தப் பிரச்சினையை முடித்தார்கள்.

பெனிட்டா இன்னொன்றும் சொல்லியிருந்தார். படிக்கிறவரைக் கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்க வேண்டுமாம். மூவரும் சங்கிலியின் கையைப் பிடித்து இழுத்தார்கள். சங்கிலி வந்தார், அண்டாவும் வந்தது. சிமெண்டுத் தரையில் அது போட்ட சத்தத்துக்கு ரோட்டில் போன ஆட்டோ ஒன்று ஓரம் கட்டி நின்றுவிட்டது. கரண்டி வரிசை, வாளி வரிசை, ஜமுக்காள அலமாரி என்று சுற்றிக் காட்டினார்கள். போகிற இடமெல்லாம் எழுதியதை அவர் தலைக்கு மேல் நின்று சத்தமாகப் படித்தார்கள். நாக்கு தடுக்குதா என்று பார்க்க, திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னதும் பெனிட்டாதான்.

"டேய், எனக்குத் தட்டே வேணாம்டா. இலை போட்டுக்கிறேன்" என்று சங்கிலி அழுகிற குரலில் சொன்னார்.

"பாத்தீங்களா, தெளிவா எழுதினா கஸ்டமருக்கு எது வேணும், எது வேணாம்னு அவருக்கே தெரிஞ்சுருது" என்றார் பொன்னுரங்கம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. பெனிட்டாவுக்குப் போன் போட்டார்.

"மேட்டர் முடிஞ்சுது மேடம்."

"சூப்பர் சார்! உடனே அனுப்பாதீங்க. ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க. அப்புறம் எடுத்துப் பாருங்க, தப்பு இருந்தா பளிச்சுனு தெரியும்." பெனிட்டாவுக்கு வேறு வேலை இருந்தது. வைத்துவிட்டார்.

மூவரும் பேப்பரைப் பார்த்தார்கள்.

"ஒரு பேப்பருக்கு எவ்வளவு தண்ணி மச்சான்?"

"உளுந்துன்னா முங்குற அளவுக்கு ஊத்துவாங்க."

"எதுல ஊறப் போடுறது? எல்லாம் துடைச்சு வெச்சாச்சு" என்றார் மஸ்தான். "அண்டா ஒன்னுதான் வெளிய இருக்கு."

"அதுல நான் இருக்கேன்யா!" என்றார் சங்கிலி.

"நீங்க பாட்டுக்கு இருங்கண்ணே. நாங்க ஓரமா போட்டுக்கிறோம்."

குழாயைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும், அதுவரை யாராலும் முடியாததைத் தண்ணீர் செய்தது. அது ஏற ஏறச் சங்கிலியும் ஏறினார். விளிம்பு வரைக்கும் வந்ததும் ஒரு புரட்டுப் புரண்டு, வழிகிற தண்ணீரோடு வழிந்து தரையில் வந்து விழுந்தார். ஆள் வெளியே வந்துவிட்டதைப் பார்த்து மூவருக்கும் சந்தோஷம். ஆனால் அவரை யாரும் கவனிக்கவில்லை. பேப்பரைத்தான் கவனித்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்தார்கள். பேப்பர் வெளிர் நீலமாக இருந்தது. பொன்னுரங்கம் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.

"தப்பு ஏதாச்சும் தெரியுதா மச்சான்?"

"எழுத்தே தெரியல மாப்ளே."

"அப்ப ஒரு தப்பும் இல்ல!" என்று குழந்தைவேலு கை தட்டினார்.

பொன்னுரங்கம் கை தட்டவில்லை. இந்த மூன்று பேரில் அவர் ஒருவருக்குத்தான் எப்போதாவது ஒரு விஷயம் புரியும், அதுவும் லேட்டாகப் புரியும். இப்போது புரிந்தது. வெறும் பேப்பரை அனுப்ப முடியாது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணை மூடினால் செங்கல் சூளை தெரிந்தது. மச்சினன் கயிற்றுக் கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, "வாங்க மாமா, அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றான். பொன்னுரங்கம் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுதிக்கங்கய்யா" என்றார் சங்கிலி. வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். "எல்லாம் எனக்கு மனப்பாடம். அண்டாவுக்குள்ள ஆளை வெச்சுக்கிட்டு மேல நின்னு படிச்சா மறக்குமா? இன்னும் காதுக்குள்ள எலி வாடகைக்கு இல்லைன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. எனக்கு வேண்டியது தட்டும் வாளியும். எடுத்துக்கிட்டு ஓடிர்றேன்."

பொன்னுரங்கம் பாய்ந்து பேனாவை எடுத்தார். குழந்தைவேலு தடுத்தார்.

"நில்லுங்க மச்சான். அவர் வாயில இருந்து வருதுல்ல? இப்ப அது யார் பொருள்?"

"நம்ம பொருள்தான் மாப்ளே. நம்மகிட்ட இருந்து அவர்கிட்டப் போச்சு, திரும்பி வருது."

"நம்மளுதுதான்னு எப்படித் தெரியும்? பேர் வெட்டியிருக்கா?"

பொன்னுரங்கம் ஈரப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டவில்லை. ஒரு வார்த்தையில்கூட வெட்டாமல் வெளியே விட்டிருக்கிறார்கள். பாத்திரமாக இருந்தால் இந்நேரம் எந்த ஊர் அடுப்பில் இருக்குமோ. இன்னொரு தடவை அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று மூவரும் முடிவு செய்தார்கள். சங்கிலி சொல்லச் சொல்லப் பொன்னுரங்கம் எழுதினார். ஒவ்வொரு வார்த்தை முடிந்ததும் பேனாவைக் குழந்தைவேலு வாங்கிப் பேர் வெட்டினார். மஸ்தான் ஒவ்வொரு வார்த்தையையும் விரலால் தட்டிப் பார்த்து "ஓட்டை இல்ல" என்றார்.

முடிந்தபோது மேட்டர் இப்படி இருந்தது:

"அலோ பொ.கு.ம. யாரு பொ.கு.ம. பேசுறது பொ.கு.ம. அண்டா பொ.கு.ம. இருக்கு பொ.கு.ம. சின்ன பொ.கு.ம. அண்டாவுல பொ.கு.ம. ஓட்டை பொ.கு.ம. இருக்கு பொ.கு.ம."

எலி வரைக்கும் இப்படியே போனது. எலிக்கும் பேர் வெட்டியிருந்தது.

பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். சங்கிலி தட்டையும் வாளியையும் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பெனிட்டா உடனே கூப்பிட்டார்.

"சார், எல்லா வார்த்தைக்குப் பின்னாடியும் ஏதோ சேந்து வந்திருக்கு சார்."

"பேர் வெட்டியிருக்கோம் மேடம்."

"எதுக்கு சார்?"

"வெளிய போகுதுல்ல?"

பெனிட்டா போட்டோவை இன்னொரு தடவை பார்த்தார். "சார், நல்லா யோசிச்சீங்களா? எங்க ஆளை வெச்சு எழுதிரலாமே. இன்னும் நேரம் இருக்கு."

"வேணாம் மேடம். அவர் பாத்திரம் எல்லாம் வழியுதுங்குறார்."

பெனிட்டா அதற்கு மேல் வாதாடவில்லை. கிட்டத்தட்ட அப்படியே ஏற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்து, காப்பி குடித்து முடிப்பதற்குள் பொன்னுரங்கத்தின் போன் அடித்தது. தனபாக்கியம் அம்மா.

"பொன்னுரங்கம், ரெண்டையும் பாத்தேன்."

"சொல்லுங்கம்மா" என்றார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தச் சீமைச்சாமி வெப்சைட்ல சொர்க்கம், தேவதை, பன்னீர் மழைன்னு என்னென்னமோ கிடக்கு. கரண்டி இருக்கா இல்லையான்னு ஒரு வரி இல்ல. உன்னுதுல ஓட்டை எதுல இருக்குன்னுகூடப் போட்டிருக்கே. அதைவிடு, ஒரு வார்த்தை விடாமப் பேர் வெட்டியிருக்கியே! என் மஹால்ல ஒவ்வொரு கல்யாணத்துலயும் பாத்திரம் கலந்து போய், தேடித் தேடியே நான் பாதியாயிட்டேன். வார்த்தைக்கே பேர் வெட்டுறவன் கரண்டியைத் தொலைக்க மாட்டான். தை, மாசி ரெண்டும் உனக்குத்தான்."

பொன்னுரங்கத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா, நான் என்ன செய்யணும்?"

"ஒன்னும் செய்யாதே. நீ எதையாச்சும் செஞ்சாத்தான் வம்பு. ராகு காலம் பொறக்கறதுக்கு முன்னாடி மஹாலுக்கு வந்து ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்க. அவ்வளவுதான். வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

பொன்னுரங்கம் குளித்தார். இஸ்திரி போட்ட வேட்டி கட்டினார். விபூதி பூசினார். இந்தத் தை மாதம் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது, அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் தான் என்ன கேட்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்துவிட்டார். "என்ன மாப்ளே, செங்கல் வெந்துச்சா?" நல்ல கேள்வி. கடைக்கு வந்து, சைக்கிள் பெடலில் கால் வைத்தார்.

"மச்சான், மேட்டர் திரும்பி வந்துச்சா?" என்று கேட்டார் குழந்தைவேலு.

"எந்த மேட்டர்?"

"நேத்து வெளிய போனது. அந்தம்மா பாத்து முடிச்சாச்சுல்ல? விசேஷம் முடிஞ்சா சரக்கு திரும்பி வரணும்ல? பழைய சரக்கு வெளிய நிக்கும்போது புது ஆர்டருக்குச் சாவி வாங்குனா நல்லாவா இருக்கும்?"

பொன்னுரங்கம் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். வாடகைக் கடைக்காரருக்கு இதைவிட நியாயமான பேச்சு கிடையாது. பெனிட்டாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், மேட்டரைத் திருப்பி அனுப்பிருங்க."

"எடுத்துட்டா வெப்சைட் காலியாயிரும் சார்!"

"காலியாத்தான் மேடம் வரணும். அப்படியே கழுவி அனுப்பிருங்க."

பெனிட்டா வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் எடுத்துப் பொன்னுரங்கத்தின் போனுக்கே அனுப்பிவிட்டார். மூவரும் வட்டமாக உட்கார்ந்து எண்ணினார்கள். அலோ வந்திருந்தது. அண்டா வந்திருந்தது. எலி பத்திரமாக வந்திருந்தது. ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை. மஸ்தான் தட்டிப் பார்த்தார், நசுங்கலும் இல்லை.

ஆனால் ஒன்று கூடுதலாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, பேர் வெட்டாமல், 'வணக்கம்' என்று ஒரு வார்த்தை நின்றது. எடுத்ததுமே அலோ என்று ஆரம்பிக்க மனசு கேட்காமல் பெனிட்டா சேர்த்துவிட்டது அது. இவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

"இது நம்மளுது இல்ல" என்றார் குழந்தைவேலு. அவர் முகம் வெளுத்துவிட்டது. "வெப்சைட்டுல இருக்கும்போது வேற யார் வீட்டுதோ கலந்திருச்சு."

"யாருதுன்னு கண்டுபிடிக்கணுமே" என்று மஸ்தான் வாசலுக்குப் போய் நாலு பக்கமும் பார்த்தார். எதிரே சீமைச்சாமி கடை போர்டில், கை கூப்பிய ஒரு பொம்பளைப் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'வணக்கம்' என்று இருந்தது. "பொன்னண்ணே! அந்தா இருக்கு பாருங்க, அதே!"

"அடப் பாவமே, அவருதா? வெப்சைட்டு ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்திருக்கும்" என்றார் பொன்னுரங்கம். "ரோட்டைத் தாண்டினாப் போதும். குடுத்துட்டு அப்படியே மஹாலுக்குப் போயிர்றேன்."

ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து, அதன் மேல் 'வணக்கம்' என்று எழுதிய சீட்டை வைத்து எடுத்துக்கொண்டு மூவரும் ரோட்டைக் கடந்தார்கள். சீமைச்சாமி கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மஹால் போன துக்கம். பொன்னுரங்கம் தாம்பாளத்தை நீட்டினார்.

"வணக்கம்" என்றார்.

சீமைச்சாமி என்ன துக்கத்தில் இருந்தாலும் வியாபாரி. சட்டென்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கம்" என்றார்.

பொன்னுரங்கம் நிம்மதியாகத் திரும்பினார். "ஒப்படைச்சாச்சு மாப்ளே."

"எங்க ஒப்படைச்சீங்க? அவர்தான் உடனே திருப்பிக் குடுத்துட்டாரே."

பொன்னுரங்கம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். மறுபடி திரும்பி, இந்தத் தடவை இன்னும் அழுத்தமாக, "வணக்கம்" என்றார்.

சீமைச்சாமியும் இன்னும் மரியாதையாக, "வணக்கம், வணக்கம்" என்றார்.

"ரெண்டாயிருச்சு!" என்று மஸ்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒன்னைக் குடுக்க வந்து இப்ப ஒன்னு கூடிப் போச்சு!"

"நீங்க வாங்கிட்டுச் சும்மா இருங்கண்ணே" என்று பொன்னுரங்கம் கெஞ்சினார்.

"வணக்கம் சொன்னவருக்குப் பதில் சொல்லாம இருந்தா என்னய்யா மரியாதை? ஊர்ல என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?" என்றார் சீமைச்சாமி. அவரும் கருவேலம்பட்டிக்காரர்தான், அதை மறந்துவிடக் கூடாது.

மஸ்தான் ஒரு யோசனை சொன்னார். வணக்கத்தைச் சொல்லிவிட்டு, சீமைச்சாமி வாயைத் திறப்பதற்குள் ஓடிவிடுவது. இரண்டையும் சேர்த்து "வணக்கம் வணக்கம்" என்று சொல்லிவிட்டு மூவரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ரோட்டின் நடுவில் வரும்போது பின்னாலிருந்து சீமைச்சாமியின் குரல் கணீரென்று வந்தது. எத்தனை என்று எண்ணிப் பார்க்க மூவரும் அங்கேயே நின்றார்கள். மூன்று. திரும்பிப் போனார்கள்.

ராகு காலம் தொடங்கியதும் சீமைச்சாமியின் போன் ஒரு தடவை அடித்தது. தனபாக்கியம் அம்மா. "மஹாலுக்கு வரணுமா? ஐயோ, இப்ப எப்படிம்மா வர்றது? இங்க ஒரு ஆளு வணக்கம் சொல்லிக்கிட்டே நிக்கிறாரு. கடனோட எந்திரிச்சு வர முடியுமா?" என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்ததும் விட்ட இடத்திலிருந்து கும்பிட்டார்.

ராகு காலம் வளர்ந்தது. முடிந்தும் போனது. தாம்பாளத்தில் வெற்றிலை வாடிவிட்டது. பொன்னுரங்கத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது, இப்போது சைகையில்தான் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தனபாக்கியம் அம்மா அவரிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மஹாலுக்கு வந்து சாவியை வாங்கிக்கொள்ளத்தான் சொன்னார். அவர் போகவில்லை.